விருப்பத்தை மேலே எழுது என்றவள்

அலுவிகாரையில் ஏ ஒன்பது வீதியோரமாக இருக்கும் கொமியூனிகேஷன் கடையில், கம்பியூட்டருக்கு முன்னால் என் மகள் நிரோஷாவோடு உட்கார்ந்திருந்தபோதுதான் போன் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட வந்திருந்தோம். எந்தப் படிப்பை முதலில் எழுதுவது, எதை அடுத்து எழுதுவது என்பதை எங்கள் தோட்டத்து மலர் வந்துதான் சொல்ல வேண்டும். அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் கூலிக்கு, கொழுந்து எடுத்துவிட்டுப் பகல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். “நான் வாற வரைக்கும் எந்தப் பட்டனையும் அமத்த வேணாம்” என்று காலையில் இரண்டு தரம் போன் எடுத்துச் சொன்னவள். அதனால் போன் அடித்ததும் பஸ் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன்.

பேசியது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சாந்தி.

“அக்கா, மேமலையில குளவி கலைஞ்சிருச்சு. மலர நல்லா கொட்டிருச்சு. லொறியில மாத்தளைக்குக் கொண்டு போறாங்க. நீங்க அங்கிட்டுத்தானே இருக்கீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லொறி வெளியே நின்றது. கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றார். அவர் தலைப்பாகையைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. உள்ளே மலருடைய முகம் வீங்கி, அவள் முகமாகவே இல்லை. காலைப் பிடித்துப் பார்த்தேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு இருந்தது. அவள்தான்.

தவமலரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும். எழுதாவிட்டால் குளவி கொட்டிச் செத்த ஒரு தோட்டத்துப் பெண் என்று பேப்பரில் வந்த அந்த ஒரு மூலைச் செய்தியோடு அவள் முடிந்துவிடுவாள்.

உங்களில் மூத்தவர்களுக்கு அந்த மாலை போட்ட நாள் நினைவிருக்கும். மலர் உயர்தரம் எழுதி மூன்று பாடமும் பாஸ். பெறுபேற்றில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி என்று வந்திருந்தது. அவ்வளவுதான், தோட்டமே எழுந்துவிட்டது. கோயிலிலிருந்து லயம் வரைக்கும் தப்பு அடித்துக் கூட்டி வந்தார்கள். ‘எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் முதல் பெண்’ என்று பெனர் கட்டினார்கள். ஆரத்தித் தட்டைப் பிடித்தவள் நான்தான். மாலையின் பாரத்தில் அவள் கழுத்து குனிந்திருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தகுதி என்றால் போகிறாள் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

மாதங்கள் போயின. தெரிவு வந்தது. மலரின் பெயர் இல்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. விண்ணப்பத்தில் எத்தனை படிப்பு வேண்டுமானாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதலாம். அவள் இரண்டே இரண்டுதான் எழுதியிருந்தாள். “எல்லாத்தையும் எழுதினா ஆசை புடிச்ச புள்ளன்னு நெனைப்பாங்க, அளவா கேளும்மா” என்று அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். யாரிடமும் ஒரு சுருட்டுகூட அதிகம் கேட்டு வாங்காதவர். அந்த இரண்டும் கிடைக்கவில்லை. வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது பார்த்தால், அவள் எழுதாமல் விட்ட இன்னொரு படிப்புக்கு அவளுடைய புள்ளி தாராளமாகப் போதுமாக இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை.

மறுபடி பரீட்சை எழுதலாம் என்றிருந்த நேரத்தில் அவள் அப்பா பாயில் விழுந்தார். மலர் தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோலில் பெயர் பதிந்து கூடையை எடுத்தாள். பெனர் மழையில் கிழியும் வரைக்கும் கோயில் சுவரில்தான் தொங்கியது. அதற்குக் கீழேதான் அவள் தினமும் மலைக்குப் போனாள்.

அவளுக்குக் ‘கேம்பஸ்’ என்று பெயர் வைத்தது எங்கள் கூட்டம்தான். “கேம்பஸ், அந்தக் கூடையைத் தள்ளு.” “கேம்பஸுக்கு இன்னைக்குக் கிலோ குறைவு.” முதலில் முகம் சுருங்கினாள். பிறகு கூப்பிட்டவுடனே “சொல்லுங்க” என்று திரும்பப் பழகிக்கொண்டாள். எனக்கு ஒருநாள் மனது கேட்கவில்லை. ஏன் அந்தப் பேருக்குத் திரும்புகிறாய் என்று கேட்டேன்.

“தகுதின்னா வாசல் வரைக்கும் வந்தாச்சுன்னு அர்த்தம் அக்கா. தெரிவுன்னாதான் உள்ள கூப்பிடுறாங்க. நம்ம ஆளுங்க வாசல்லயே மாலை போட்டுட்டாங்க. பாவம், அவங்களுக்கு யாரு சொன்னா? எனக்கே யாரும் சொல்லலையே.”

அப்போதிருந்துதான் அவள் எங்களுக்கு அந்தச் சொற்களைச் சொல்லத் தொடங்கினாள். பிள்ளைகளைவிடத் தாய்மாரைத்தான் பிடித்தாள். “புள்ளைங்க விண்ணப்பப் புத்தகத்துல வாசிச்சிக்கிடும். விண்ணப்பம் போடுற நாள்ல பக்கத்துல உட்கார்ந்து பயமுறுத்துறது அப்பா அம்மாதான். அதனால உங்களுக்குத்தான் முதல்ல வெளங்கணும்” என்பாள்.

தேத்தண்ணி நேரம்தான் அவளுடைய வகுப்பு. சாந்திதான் அதிகம் குறும்பு பேசுவாள்.

“பீடம்னு சொல்றியே, எனக்குக் கோயில்ல பலிபீடந்தான் தெரியும்.”

“அதேதான் சாந்தியக்கா. தலையைக் கொடுத்தா மூணு நாலு வருஷத்துக்கு எடுக்க ஏலாது.”

சிரித்துச் சிரித்து எனக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது. அப்புறம் சரியாகச் சொன்னாள். சட்டத்துக்கு ஒரு பீடம், கலைக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று. ஒரு பல்கலைக்கழகத்துக்குள் தனித்தனிப் பகுதிகள், எங்கள் தோட்டத்துக்குள் டிவிஷன் இருக்கிற மாதிரி.

இஸட் புள்ளி என்பதை அவள் சொன்ன விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “மழை மாசத்துல இருவது கிலோ எடுத்தா கங்காணி என்ன சொல்லுவாரு?” என்று கேட்டாள்.

“ஏசுவாரு.”

“வெயில் மாசத்துல அதே இருவது எடுத்தா?”

“கும்புடுவாரு.”

“அவ்வளவுதான். எத்தன கிலோன்னு மட்டும் பார்க்க மாட்டாங்க. அந்த மாசம் எல்லாரும் எப்பிடி எடுத்தாங்க, அதுல நீ எங்க நிக்கிறன்னு பார்ப்பாங்க. பரீட்சையும் அப்பிடித்தான். லேசான பாடத்துல எல்லாரும் கூட எடுத்திருப்பாங்க, கஷ்டமானதுல குறைவா எடுத்திருப்பாங்க. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கத்தான் இஸட் புள்ளி.”

வெட்டுப்புள்ளிக்கு அவள் பஸ்ஸைச் சொன்னாள். சந்தியில் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். பஸ் நிறைந்து கதவு சாத்துகிறார்கள். கடைசியாக ஏறியவன் நின்ற இடம்தான் வெட்டுப்புள்ளி. பஸ் வரும் முன்பே அந்த இடத்தை யாரும் கோடு போட்டு வைப்பதில்லை. போன வருடத்துப் புள்ளியைப் பார்த்துவிட்டு “நமக்கு வராது” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் அந்தக் கதை.

என் மகள் உயர்தரத்தில் நல்லபடியாகச் செய்தாள். பெறுபேறு வந்த அன்று கோயில் தலைவர் மாலையோடு வருகிறார் என்று தெரிந்ததும் மலர் படிக்கட்டிலேயே போய் அவரை மறித்தாள். “தலைவரே, மாலையை வீட்டுல வைங்க. தெரிவு வரட்டும். பதிவும் முடியட்டும். அப்ப நானே வந்து வாங்கிட்டுப் போறேன்.” அவருக்குக் கோபம். எனக்குக் கொஞ்சம் வருத்தமும்தான். பெற்றவளுக்கு ஆசை இருக்காதா?

அன்று மாலை பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தோம். மலர் நிரோஷாவைக் கேட்டாள்.

“ஒனக்கு என்னடி படிக்க விருப்பம்?”

“எது கெடைச்சாலும் சரி சித்தி.”

“எது கெடைச்சாலும்னு ஒரு படிப்பு அந்தப் புத்தகத்துல இல்லையே. எந்தப் பீடத்துல சொல்லிக் கொடுக்கிறாங்க?”

நிரோஷா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்தாள். கடைசியில் “சட்டம்” என்றாள். எனக்கே அன்றுதான் தெரியும். நாங்கள் இருக்கும் லயத்து அறை, அந்தக் காம்பரா பற்றிய வழக்குக்காக மாத்தளைக் கோட்டுக்கு என்னோடு வந்திருந்தாள். அங்கே சிங்களத்தில் பேசியதெல்லாம் எனக்கு அவள்தான் காதுக்குள் சொன்னாள். அன்றிலிருந்து மனதில் வைத்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பெரிய ஆசை என்று வெட்கம்.

நிரோஷாவின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. சட்டத்துக்கு நிறையப் புள்ளி வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “தொரைகிட்ட ரெண்டு நாள் லீவு வேணும்னா ஒரு நாள்னுதான் கேக்கணும். மேல ஏறிக் கேட்டா அந்த ஒரு நாளையும் வெட்டிருவாரு. சின்னதா ஏதாச்சும் முதல்ல போடு, அது நிச்சயமா கெடைக்கும்” என்றார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவர்கள். தப்பாகவே தோன்றவில்லை.

மலர் எங்கள் வாசலில் நின்றபடி சொன்னாள்.

“அண்ணே, அங்க தொரை இல்ல. யாரும் ஒங்க மூஞ்சியப் பார்த்துக் கோபிச்சிக்க மாட்டாங்க. மேல இருந்து ஒவ்வொன்னா பார்த்துக்கிட்டு வருவாங்க. எது சரி வருதோ அங்கேயே நிப்பாட்டிருவாங்க. அதுக்குக் கீழ இருக்கிறதப் பார்க்கவே மாட்டாங்க. சின்னத மேல போட்டா சின்னதுலயே நின்டுரும். போய்ப் பதிஞ்சிட்டா திரும்பக் கேக்கவும் ஏலாது. பெருச மேல போடுங்க. அது கெடைக்காட்டி அடுத்ததுக்குத்தான் வருவாங்க. கேட்டதுக்காகப் பேரை வெட்ட மாட்டாங்க. நான் குறைச்சுக் கேட்டுத்தான் கெட்டேன்.”

“சரி, நீயே வந்து போட்டுக் கொடு” என்றார் அவர். பாதி மனதோடுதான். அப்படித்தான் அன்று நாங்கள் அலுவிகாரையில் அவளுக்காகக் காத்திருந்தோம்.

அடக்கம் முடிந்தது. விண்ணப்பம் முடியும் நாள் கருமாதிக்கு முன்னால் வந்தது. ஒரே லயத்தில் சாவு. கருமாதி முடியாமல் நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாது என்றார் நிரோஷாவின் அப்பா. முடிகிறவரை இருந்தால் அந்த வாசலைச் சாத்திவிடுவார்கள் என்றேன். “அப்ப சின்னத மேல போட்டு அனுப்பிவிடு. அந்தப் புள்ள இல்லாம நமக்கு என்ன தெரியும்?” என்றார். மலர் மேல் அவருக்கும் பாசம்தான்.

நிரோஷா எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடவில்லை. விண்ணப்பப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்திலும் மலர் சொன்ன மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் வேறு மாதிரிச் சொல்கிறார்கள் என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“எல்லாம் தெரிஞ்ச மலர் சித்திக்கே கெடைக்கலையேம்மா. எனக்கு மட்டும் எங்க கெடைக்கப் போகுது?”

இந்தப் பிள்ளையும் கூடையை எடுக்கப் போகிறாள், அந்த மேமலைக்கே போகப் போகிறாள், அங்கே குளவிக்கூடு இன்னும் மரத்தில் இருக்கிறது. அதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. சாமியைக் கும்பிட்டேன்.

வேலைக்குப் போனேன். மலர் கொழுந்து எடுக்கும் நிரை வெறுமையாகக் கிடந்தது. அதை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவள் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். பயத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. மேலிருந்து பார்க்கிறார்களா, கீழிருந்தா? வாய்விட்டே கேட்டேன், கூட்டத்தைப் பார்த்து.

“கீழ இருந்துதானே?” என்றாள் ஒருத்தி.

“போடி. மேல இருந்துதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள் சாந்தி. “கையை இப்பிடித் தலைக்கு மேல தூக்கி, மெதுவா கீழ எறக்கிக் காட்டினா. வயித்துக்கிட்ட வந்ததும் நிப்பாட்டி, ‘இங்க கெடைச்சா இங்கேயே நின்டுரும், அதுக்குக் கீழ இருக்கிறது கூடையில விழாது’ன்னா.”

“ஆமா, நீதான் அப்ப, ‘எனக்கு வயித்துலதான் எப்பவும் நிக்கும்’னு சொன்ன” என்றாள் இன்னொருத்தி.

“அதுக்கு அவ என்னைக் கிள்ளினாளே!”

சாந்தி சிரித்தாள். சிரித்தபடியே கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலைக்கு நடுவில் குந்தி அழுதாள். ஒவ்வொருத்தியாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி மெதுவாக இறக்கிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அது நினைவிருந்தது. மலரைக் கேலி செய்த கூட்டம்தான் அது. நானும் அதில் ஒருத்தி. அவள் சொன்னதில் ஆளுக்கு ஒரு துண்டு எங்களிடம் இருந்தது. கங்காணி சத்தம் போடாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

மறுநாள் நிரோஷாவைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். “ஒனக்குக் கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது. கேட்காம விட மாட்டேன்” என்றேன். அவள் அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். மலர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே விளக்கு எரிந்தது. அவளுடைய அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுவிட்டேன். இந்த வீட்டில் துக்கம், நாங்கள் தலைவாரிக்கொண்டு போகிறோம்.

“எங்க?” என்று கேட்டார்.

“அலுவிகாரைக்கு” என்றேன்.

“பஸ் போயிரும். நிக்காத.”

கடைக்கார முஸ்லிம் நானா எங்களைக் கண்டதும் எழுந்தார். “வாங்க. அண்டைக்குப் போட்டதெல்லாம் அப்படியே ஈக்கி” என்று கம்பியூட்டரில் பாதியில் இருந்த விண்ணப்பத்தைத் திறந்தார். நிரோஷா சட்டத்தை எல்லாவற்றுக்கும் மேலே போட்டாள். அதன்கீழே மற்றவற்றை, விருப்பம் குறைந்து வருகிற ஒழுங்கில், தகுதியுள்ள எதையும் விடாமல் எழுதினாள். நானா எட்டிப் பார்த்தார்.

“சட்டம் மேலயா? இங்க வார எல்லாரும் எடுபடுறதத்தானே மேல போட்றாங்க. யோசிச்சிக்கங்க. யாரு சொன்ன இப்பிடிப் போடச் சொல்லி?”

“எங்க கேம்பஸ்” என்றேன்.

“ஆ, கேம்பஸ்ல ஈக்கிறவங்க சொன்னா சரிதான்” என்றார். நிரோஷாவின் அப்பா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். நிரோஷா அனுப்புகிற பட்டனை அமத்தினாள்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. தெரிவு வர மாதக்கணக்காகும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் பதிவு இருக்கிறது. கிடைக்காவிட்டால் மேன்முறையீடு என்று ஒன்று இருக்கிறதாம், வெற்றிடம் நிரப்புவது என்று ஒன்று இருக்கிறதாம். அந்தச் சொற்களை மலர் எங்களுக்குச் சொல்லி முடிக்கவில்லை. “அது பொறகு அக்கா, எல்லாத்தையும் ஒரே நாள்ல முழுங்க ஏலாது” என்றாள். பொறகு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்து, தெரியாத ஒரு சொல்லால் என் பிள்ளையின் வழி அடைபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவளைக் கேட்க முடியாது. இனி ஒருபோதும் கேட்க முடியாது.

மலரு, உன்னிடமிருந்து எனக்கென்று என்ன இருக்கிறது என்று யோசித்தேன். உன் சொற்களில் பாதி எனக்கு மறந்துபோகும். என் தலை அப்படி. ஆனால் நீ எங்களைக் கேட்க வைத்தாய். தெரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கப்படாமல் இருக்க வைத்தாய். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

போன கிழமை நிரோஷாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று வேண்டுமாம். எங்கள் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. விசாரித்து வரலாம் என்று அந்தப் போனையும் எடுத்துக்கொண்டு, நாவுலப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் மாத்தளைக்குப் போனேன். பக்கத்து சீட்டில் ஒபிஸுக்குப் போகிற ஒரு சிங்கள அம்மா இருந்தார். நல்ல சாரி, மடியில் பைல். அந்த மாதிரி ஆட்களிடம் நான் நேரம்கூடக் கேட்டதில்லை. என் சாரியில் கொழுந்துக் கறை இருந்தது. போனை நீட்டி, “மேக்க மொகக்த மிஸ்?”, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் வாங்கிப் பார்த்துச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன்.